வார்த்தைக்கு 25 டாலர்: கலிஃபோர்னியா வாக்காளர் கையேட்டைத் திருத்திப் பார்த்தேன்

இலவசமாகத் தபாலில் வந்து விழும் புத்தகத்துக்கு யாராவது மதிப்புரை எழுதுவார்களா என்று எங்கள் மாப்பிள்ளை சிரித்தார். ஏன் எழுதக் கூடாது? சாம்பாரில் உப்பு குறைவு என்று ஓட்டலுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதுகிறார்கள். ஒரு மாநிலத்தின் சட்டத்தையும் கஜானாவையும் நான்கு ஆண்டுகளுக்கு யார் கையில் கொடுப்பது என்று முடிவு செய்வதற்காக அச்சிட்ட புத்தகத்தைப் பற்றி நான்கு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடும்?

நான் சொல்வது கலிஃபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகம் வெளியிடும் வாக்காளர் தகவல் கையேடு. 2022 நவம்பர் 8 தேர்தலுக்கு வந்த பிரதி இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. அதே பதவிகளுக்கு 2026 நவம்பர் 3 அன்று மறுபடியும் தேர்தல் என்பதால் அதை எடுத்துத் தூசி தட்டினேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. சிவகங்கை மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒன்பது முறை தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்த காலமும் தெரியும். 2001-இல் இயந்திரம் வந்த பிறகு, விடிவதற்குள் எழுந்து முகவர்கள் முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டிய காலமும் தெரியும். மகள் வீட்டோடு வந்து, 2021 டிசம்பரில் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தேன். ஆக, 2022 நவம்பர் தேர்தல்தான் இங்கே நான் பார்த்த முதல் பெரிய தேர்தல். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவள் இந்தப் பக்கம் வந்து நின்றால் எல்லாமே கண்ணில் படும்.

முதலில் பட்டது, பதவிகளின் எண்ணிக்கை. நம் ஊரில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்குப் பொத்தானை அழுத்திவிட்டு வெயிலுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம். மற்றவர்களையெல்லாம் மேலே இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அரசுத் தலைமை வழக்கறிஞரை ஆளுநர் நியமிக்கிறார் என்று அரசியல் சட்டத்தின் 165-ஆவது பிரிவிலேயே இருக்கிறது. இங்கே அந்த வேலை நம் தலையில். ஆளுநர், துணை ஆளுநர், மாநிலச் செயலர், கன்ட்ரோலர், பொருளாளர், அட்டர்னி ஜெனரல், காப்பீட்டு ஆணையர், பொதுக் கல்விக் கண்காணிப்பாளர் என்று எட்டுப் பேரை மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். ஐம்பது மாநிலங்களில் 43-இல் அட்டர்னி ஜெனரலை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலாஸ்கா, ஹவாய், நியூ ஹாம்ப்ஷயர், நியூ ஜெர்சி, வயோமிங் ஆகிய ஐந்தில் ஆளுநரின் நியமனம். மெய்னில் சட்டமன்றமும் டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றமும் முடிவு செய்கின்றன.

இதில் 2022-இல் கூடுதலாக ஒரு வேடிக்கை. போட்டியிட்ட பெரிய பெயர்களில் மூன்று பேர் அந்த நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் அந்தப் பதவிக்கென்று மக்கள் முன்னால் நின்று வென்றதில்லை. 2020-இல் கமலா ஹாரிஸ் துணை அதிபராகத் தேர்வானார். அவர் விட்ட செனட் இடத்துக்கு மாநிலச் செயலர் அலெக்ஸ் பாடியாவை ஆளுநர் நியூசம் நியமித்தார். பாடியாவின் நாற்காலிக்கு ஷெர்லி வெபர் வந்தார். அதே சமயம் அட்டர்னி ஜெனரலாக இருந்த சேவியர் பெசெரா பைடன் அமைச்சரவைக்குப் போக, 2021-இல் ராப் போன்டா அங்கே அமர்த்தப்பட்டார். மன்னார்குடி பக்கத்துத் துளசேந்திரபுரத்தில் கமலாவுக்காகப் பட்டாசு வெடித்தார்கள் அல்லவா, அந்த ஒரு வெற்றியை ஒட்டித்தான் மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவில் நாற்காலிகள் வரிசையாக நகர்ந்தன. கையேட்டில் இந்தக் கதை ஒரு வரிகூட இல்லை. இருந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும்.

இனி வேட்பாளர் பக்கங்கள். அங்கேதான் என் சிவப்புப் பேனா அதிகம் ஓடியது.

ஏற்பாடு இதுதான். பிரசாரச் செலவுக்கு மாநிலம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. கட்டாயமில்லை. விரும்பி ஏற்றுக்கொண்ட வேட்பாளர் கையேட்டில் 250 வார்த்தைக்குள் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளலாம். இலவசமில்லை, வார்த்தைக்கு 25 டாலர். முழு 250-ஐயும் எழுதினால் 6,250 டாலர். வரம்பை ஏற்காமல் கோடிகளில் செலவு செய்கிறவருக்கு அங்கே இடம் கிடையாது. எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்டவுடன் எனக்குப் பரம திருப்தி. வசவு இல்லாத தேர்தல் துண்டறிக்கையை என் ஆயுளில் பார்த்ததில்லை.

படித்துப் பார்த்தபோது திருப்தி வடிந்துவிட்டது. வார்த்தைக்கு 25 டாலர் கொடுக்கிறவர் ஒவ்வொன்றையும் எண்ணிச் செலவழிப்பார் என்று நினைத்தேன். பத்தாம் வகுப்பில் 'நான் விரும்பும் தலைவர்' என்று கட்டுரை கொடுத்தால், தலைவரின் பெயரை மாற்றினால் எந்தத் தலைவருக்கும் பொருந்துகிற கட்டுரையை நாற்பது பிள்ளைகளும் எழுதி வைப்பார்கள். இங்கேயும் அதே வாசனை. குடும்பம், உழைப்பு, அனுபவம், மாற்றம். கடைசி மூன்று வரியில் ஆதரவு தந்த சங்கங்களின் பட்டியல். நான் ஓரத்தில் 'எப்படி?' என்று எழுதத் தொடங்கினேன். 'குற்றங்களைக் குறைப்பேன்' – எப்படி? 'வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்துவேன்' – எப்படி, அது உங்கள் பதவியின் வேலையா? ஒரு பக்கத்தில் மட்டும் ஏழு 'எப்படி' இருக்கிறது.

அப்போது பேத்திக்குப் பதின்மூன்று வயது. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவள், "அம்மாச்சி, இவருக்கு எத்தனை மார்க்?" என்றாள். "நூற்றுக்கு 41. இலக்கணம் சரி, விடை இல்லை" என்றேன். "ஜெயித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாள். அவர் ஜெயித்தும்விட்டார். அது எந்தப் பதவி, யார் என்று கேட்காதீர்கள். வாக்குச்சாவடிக்குள் வருகிறவரின் முகத்தைப் பார்த்தே சின்னத்தை ஊகிக்கிற இடத்தில் வாய் மூடி இருந்து பழகியவள் நான். நான் யாருக்குப் போட்டேன் என்பது மகளுக்கே தெரியாது.

அந்தப் பக்கங்களின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இவை வேட்பாளர்கள் தாங்களே தந்தவை, உண்மையா என்று எந்த அலுவலரும் சரிபார்க்கவில்லை. நேர்மையான குறிப்புதான். ஆனால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேட வேண்டியிருக்கிறது. நம் ஊரில் வேட்பாளர் தன் சொத்து என்ன, கடன் என்ன, மேலே வழக்கு உண்டா என்று உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். உச்ச நீதிமன்றம் வாங்கித் தந்த உரிமை அது. கலிஃபோர்னியாவிலும் பொருளாதார நலன்களை அறிவிக்கும் 'படிவம் 700' என்று ஒன்று உண்டு. பொது ஆவணம்தான், போய்த் தேடி எடுக்கலாம். கையேட்டில் அதிலிருந்து நான்கு வரி போட்டிருந்தால் அந்த 250 வார்த்தைகளுக்கு ஒரு கடிவாளம் கிடைத்திருக்கும். பிரசாரத்துக்குப் பெருந்தொகை கொடுத்தவர்கள் யார் என்பதற்கும் இதே கதை: ஓர் இணைய முகவரியைக் கொடுத்து, அங்கே போய்ப் பார் என்கிறது புத்தகம். என் வயதுக்காரர்கள் எத்தனை பேர் போய்ப் பார்ப்பார்கள்?

இத்தனை குறை சொன்ன பிறகும் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதற்குக் காரணம், வேட்பாளர் பக்கங்களுக்கு முன்னால் இருக்கும் பதவி விளக்கம். எந்தப் பதவிக்கு என்ன வேலை என்று சில வரிகளில் சொல்கிறார்கள். முதல் வாசிப்பில் தாண்டிப் போய்விட்டேன். 'எப்படி?' என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்த பிறகுதான் திரும்பி வந்தேன். வேட்பாளர் சொல்வது அவர் பதவிக்குள் அடங்குகிறதா என்று உரசிப் பார்க்க அந்தச் சில வரிகளே உரைகல். இரண்டாவது வாசிப்பில் என் மதிப்பெண்கள் பல மாறின.

அட்டர்னி ஜெனரலையே எடுத்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்துக்காகக் கோர்ட்டில் வாதாடும் பெரிய வக்கீல் என்று நினைத்திருந்தேன். மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி, நீதித் துறையின் தலைவர், மாவட்ட ஷெரீஃபுகள் மேலும் மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் மேலும் மேற்பார்வை உள்ளவர் என்று கையேடு தந்தி பாஷையில் சொல்லி முடித்துவிடுகிறது. மிச்சத்தை நானே தோண்டினேன். நுகர்வோரை ஏமாற்றும் கம்பெனி மேல் வழக்குப் போடுவது இவர். வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசையே நீதிமன்றத்துக்கு இழுப்பது இவர். ஆயுதம் இல்லாத ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தால் விசாரிக்கும் பொறுப்பு 2021 ஜூலையிலிருந்து இவர் அலுவலகத்துக்கு. 1998-இல் 46 மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் சேர்ந்து சிகரெட் கம்பெனிகளை ஒப்பந்தத்துக்கு இழுத்து வந்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் இருபதாயிரம் கோடி டாலருக்கு மேல் தர வேண்டும் என்று முடிவானது. இப்படி ஓர் எடுத்துக்காட்டைப் போட்டிருந்தால் எந்தப் பாமரருக்கும் பதவியின் கனம் புரிந்திருக்கும்.

இன்னொன்று, கையேட்டைப் படிக்கிற யாருக்கும் தெரிய வேண்டியது. பின்பகுதியில் மக்கள் நேரடியாக வாக்களிக்கும் முன்மொழிவுகள் வரும். ஒவ்வொன்றின் தலைப்பும் சுருக்கமும் அட்டர்னி ஜெனரல் தயாரித்தவை என்று அங்கேயே அச்சிட்டிருக்கிறது. அவரே அதே தேர்தலில் வேட்பாளர். கையேட்டை வெளியிடும் மாநிலச் செயலரும் வேட்பாளர். கேள்வித்தாள் எடுக்கும் வாத்தியாரே தேர்வும் எழுதுவது போல என்று நான் சொல்ல, மகள் அவசரமாகத் திருத்தினாள்: அச்சுக்குப் போகும் முன்னால் இருபது நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள், தவறு என்று தோன்றினால் யாரும் நீதிமன்றம் போகலாம். சரிதான். இருந்தாலும் தலைப்பு எழுதுகிறவர் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது தமிழாசிரியருக்குத் தெரியாதா? ஒரு செய்யுளுக்கு நீங்கள் வைக்கும் தலைப்பைத்தான் பிள்ளை கடைசிவரை ஞாபகம் வைத்திருக்கும்.

2022-இல் போன்டாவை எதிர்த்து நின்றவர் நேதன் ஹாக்மன், முன்னாள் மத்திய அரசு வழக்கறிஞர். ஜூன் மாத முதற்கட்டத்திலேயே போன்டா பாதிக்கு மேல் வாங்கிவிட்டார். அப்படியும் நவம்பரில் மறுபடி நிற்க வேண்டும். 2010-இல் மக்களே கொண்டுவந்த விதிப்படி, முதற்கட்டத்தில் கட்சி பார்க்காமல் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள். முதலாமவர் எவ்வளவு வாங்கினாலும் விலக்கு கிடையாது. கடைசியில் போன்டா ஏறத்தாழ 59 சதவீதம் வாங்கி வென்றார். தோற்ற ஹாக்மன் 2024-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட வழக்கறிஞர் தேர்தலில் வென்று வந்துவிட்டார். இந்தப் பதவியில் எப்போதும் இப்படி இடைவெளி இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2010-இல் கமலா ஹாரிஸ் இதே பதவிக்கு நின்றபோது எதிராளி ஸ்டீவ் கூலி தேர்தல் இரவே தான் வென்றதாக அறிவித்துவிட்டார். தபால் வாக்குகளை எண்ண எண்ணக் கணக்கு மாறி, மூன்று வாரம் கழித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசம்.

பதவி விளக்கம் எனக்கு உண்மையிலேயே உதவியது கன்ட்ரோலர் போட்டியில். மாநிலத்தின் கணக்கைப் பார்த்து, பில்லுக்குக் காசோலை எழுதி, மற்றத் துறைகளைத் தணிக்கை செய்யும் வேலை. மலியா கோஹனும் லான்ஹீ சென்னும் நின்றார்கள். ஜூனில் முதலிடம் பிடித்தவர் குடியரசுக் கட்சிக்காரரான சென். மற்ற எல்லாப் பதவியும் ஒரே கட்சியிடம் இருக்கும்போது கணக்குப் பார்ப்பவராவது வேறு கட்சியாக இருக்கட்டும் என்பது அவர் பக்கத்து வாதம். மாநில வரி வாரியத்தில் இருந்த அனுபவம் என்பது கோஹன் பக்கத்து வாதம். இரண்டும் பதவியோடு ஒட்டிய வாதம், இரண்டுக்கும் என் ஓரக் குறிப்பில் 'எப்படி?' இல்லை. வாக்குச்சீட்டில் நான் அதிக நேரம் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்த இடம் அதுதான். கோஹன் 55 சதவீதம் வாங்கி வென்றார்.

துணை ஆளுநர், பொருளாளர் பக்கங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. காப்பீட்டு ஆணையர் பதவி மட்டும் மாப்பிள்ளைக்குப் பிடித்தது. 1988-இல் மக்கள் வாக்களித்து உருவாக்கிய தேர்தல் பதவி அது. வண்டிக் காப்பீட்டுத் தொகையை ஏற்ற வேண்டுமானால் கம்பெனிகள் முதலில் இவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்ததும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் படித்தார். வரிச் சமன்பாட்டு வாரியம் என்று இன்னொன்று, நான்கு மண்டலத்துக்கு நான்கு உறுப்பினர். 2017-இல் அதன் அதிகாரத்தில் பெரும்பகுதியைச் சட்டமன்றம் பிடுங்கிக்கொண்டது. வாசலில் பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது, தேர்தலும் தவறாமல் நடக்கிறது.

கல்விக் கண்காணிப்பாளர் பக்கத்தில் நான் உட்கார்ந்துவிட்டேன். நம் ஊர்ப் பள்ளிக் கல்வி இயக்குநரைப் பெற்றோர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதாக நினைத்துப் பாருங்கள்! இது கட்சி சாராத பதவி, பெயருக்குப் பக்கத்தில் கட்சி அச்சிடக் கூடாது. ஜூனிலேயே பாதிக்கு மேல் வாங்கினால் அத்தோடு முடிந்தது, இதற்கு மட்டும் அந்த விலக்கு உண்டு. டோனி தர்மண்ட் பாதியைத் தொடாததால் லான்ஸ் கிறிஸ்டென்சனோடு நவம்பருக்கும் வந்தார், வென்றார். ஆனால் பாடத்திட்டக் கொள்கையை வகுப்பது ஆளுநர் நியமிக்கும் கல்வி வாரியம். கண்காணிப்பாளர் அதை நடத்திக் காட்டுபவர். ஆகவே 'பாடத்தை மாற்றுவேன்' என்று யார் சொன்னாலும் முழுதாக நம்ப வேண்டாம். இந்தப் பாகுபாட்டைக் கையேடு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம். தலைமையாசிரியருக்கும் முதன்மைக் கல்வி அலுவலருக்கும் நடுவில் முப்பது ஆண்டு மாட்டிக்கொண்டவளுக்கு அந்த இடைவெளி எத்தனை பெரியது என்று தெரியும்.

குழப்பத்துக்கு முதல் பரிசு செனட் பக்கத்துக்கு. ஒரே பாடியா, ஒரே எதிராளி மார்க் மியூசர், வாக்குச்சீட்டில் இரண்டு முறை. ஒன்று அடுத்த ஆறு ஆண்டுக்கு. மற்றது 2023 ஜனவரி 3-இல் முடிகிற மிச்சப் பதவிக்காலத்துக்கு. இரண்டிலும் தனித்தனியாக வாக்களிக்க வேண்டும். அச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றை விட்டவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. கையேடு விளக்கியிருக்கிறது, குற்றம் சொல்ல முடியாது. அதைப் படித்தால்தானே.

லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் என் தோழி கையேட்டைப் படிக்காத ரகம். என்னைப் போலவே ஓய்வு பெற்ற ஆசிரியை. போன் செய்து, "ஏம்மா, அட்டர்னி ஜெனரலுக்கு மேலே இருக்கிற பெயருக்குப் போட்டேன். நீயும் அதற்கே போடு" என்றாள். யார் அது என்றால் பெயர் வாயில் நுழையவில்லையாம், 'மேலே இருக்கிறவர்' என்பதுதான் அடையாளம். சின்னம் இல்லாத வாக்குச்சீட்டில் அவளும் வேறு என்ன செய்வாள்? நான் என் சீட்டை எடுத்துப் பார்த்து, கட்சியைக் கேட்டேன். அவள் சொன்ன கட்சிக்காரர் என் சீட்டில் கீழே இருந்தார்! விசாரித்தால், எழுத்துகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, வந்த வரிசைப்படி பெயர்களை அடுக்குகிறார்கள். மாநிலப் பதவிகளுக்கு அந்த வரிசையை 80 சட்டமன்றத் தொகுதிகளிலும் மாற்றி மாற்றிச் சுழற்றுகிறார்கள், முதல் இடத்தின் அதிர்ஷ்டம் ஒருவருக்கே போகக் கூடாது என்று. அழகான ஏற்பாடு. பிரிசைடிங் ஆபீசராக இருந்த காலத்தில் கேள்விப்பட்டிருந்தால் டீக்கடையில் ஒரு மாதம் பேசியிருப்போம்.

முன்மொழிவுகள் பகுதிக்கு நான் கொடுத்தது நூற்றுக்கு 85. மொத்தம் ஏழு. சூதாட்டம் பற்றிய 26, 27 ஆகிய இரண்டுக்கு மட்டும் இருதரப்பும் சேர்ந்து 40 கோடி டாலருக்கு மேல் கொட்டின. தொலைக்காட்சியில் வேறு விளம்பரமே வரவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவில் சட்டமன்ற ஆய்வாளர் எழுதிய பகுப்பாய்வு கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. இப்போது சட்டம் என்ன, மாறினால் என்ன, அரசுக்குச் செலவா வரவா. அடைமொழி ஒன்றுகூட இல்லை. ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள் அடுத்தடுத்து வருகின்றன, அவற்றில் பெரிய எழுத்தும் ஆச்சரியக்குறியும் கொஞ்சம் அதிகம். இரண்டு முன்மொழிவும் மண்ணைக் கவ்வின.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2022 கையேடு ஆங்கிலத்தோடு ஸ்பானிஷ், சீனம், இந்தி, ஜப்பானியம், கெமர், கொரியன், தகலாகு, தாய், வியட்நாமியம் என்று பத்து மொழிகளில் கிடைத்தது. தமிழ் இல்லை. மாநிலம் முழுவதும் பார்த்தால் நாம் எத்தனை பேர் என்ற கணக்குக்கு நான் வரவில்லை. ஆனால் ஆங்கிலப் பிரதியில் 'கன்ட்ரோலர்' என்ற ஒரு சொல்லைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு பிற்பகல் போயிற்று. 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்பதை நான் நம் தலைமைச் செயலாளர் என்று எண்ணினேன், தோழி வெளியுறவு அமைச்சர் என்று எண்ணினாள். இரண்டும் தவறு. இந்த மாநிலத்தில் அவர்தான் தேர்தல் நடத்தும் அதிகாரி. முன்மொழிவுகள், காகிதம், அச்சு, தபாலில் வந்த நேரம் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து ஒட்டுமொத்தமாக 64 கொடுத்தேன். தமிழில் ஒரு பதவிப் பட்டியலாவது இருந்திருந்தால் 70.

வாக்களிப்பதும் இதே சேவையின் பகுதி என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் பதிவு செய்த வாக்காளர் எல்லோருக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கே வருகிறது. திருப்பி அனுப்பத் தபால்தலை ஒட்டத் தேவையில்லை. தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்து, ஏழு நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் கணக்கில் வரும். கறுப்பு அல்லது நீல மை. என் சிவப்புப் பேனாவைப் பேத்தி முன்கூட்டியே ஒளித்து வைத்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் கையேட்டை விரித்து வைத்துக்கொண்டு, உளுந்து ஊறும் நேரத்தில் ஒவ்வொரு முட்டைக் கட்டமாக நிரப்பினேன். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நான்கு பேருக்கு 'தொடரலாமா, வேண்டாமா' என்ற கேள்விக்கும் விடை எழுதினேன். உறையில் போட்டேன், ஒட்டினேன், கையெழுத்திட்டேன்.

அங்கேதான் சறுக்கியது. முப்பது ஆண்டு வருகைப் பதிவேட்டில் தமிழில் கையெழுத்துப் போட்ட கை. உறையைப் பார்த்ததும் பழக்கத்தில் தமிழில் போட்டுவிட்டது. பதிவில் இருப்பதோ, அடையாள அட்டைக்காக எழுதிக் கொடுத்த ஆங்கிலக் கையெழுத்து. பத்து நாள் கழித்து மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலிருந்து கடிதம்: உங்கள் கையெழுத்துப் பொருந்தவில்லை, இந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். எனக்கு வியர்த்துவிட்டது. தேர்தல் பணியில் ஒரு வாக்கைக்கூடச் செல்லாததாக்கக் கூடாது என்று உயிரைக் கொடுத்தவளின் சொந்த வாக்கு செல்லாதா?

அடுத்த சங்கடம், படிவத்தில் எதைப் போடுவது? தமிழில் போட்டால் உறையோடு பொருந்தும், ஆங்கிலத்தில் போட்டால் பதிவோடு பொருந்தும். போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். எந்த மொழி என்பது எங்களுக்குக் கவலையில்லை அம்மா, பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படிப் போட்டு அனுப்புங்கள், பிறகு பதிவையே உங்களுக்குப் பிடித்த கையெழுத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். எடுத்த எடுப்பில் நிராகரித்துவிட முடியாதாம். இரண்டு அலுவலர்கள் தனித்தனியாகப் பார்த்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் வேறு என்று சொன்னால்தான் இந்தக் கடிதமே வருமாம். முழுப் பேச்சும் ஆறு நிமிடம். ஆங்கிலத்தில் போட்டு அனுப்பினேன். உங்கள் வாக்கு எண்ணப்பட்டது என்று மகளின் கைப்பேசிக்குச் செய்தி வந்த அன்று கேசரி கிண்டினேன். கையேட்டுக்கு 64 கொடுத்த நான் அந்த அலுவலகத்துக்குத் தயங்காமல் 95 தருவேன். மீதி ஐந்து, கடிதத்தின் எழுத்து அவ்வளவு பொடியாக இருந்ததற்கு.

மறு மாதமே பதிவைத் தமிழ்க் கையெழுத்துக்கு மாற்றிவிட்டேன்.

பேத்திக்கு இப்போது பதினேழு நடக்கிறது. இங்கே பதினாறிலேயே முன்பதிவு செய்துகொள்ளலாம். போன வாரம் வந்து, "அம்மாச்சி, நானும் தமிழிலேயே போட்டுவிடட்டுமா?" என்று கேட்டாள். அவள் பெயரில் ஒரு 'ழ' உண்டு. பழைய கையேட்டின் பின்னட்டையில் பத்து முறை போட்டுப் பார்த்தாள். பத்து 'ழ'வும் பத்து மாதிரி. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே போடு, இல்லாவிட்டால் கடிதம் வரும் என்றேன். ஏழாவதைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். கொஞ்சம் 'மு' மாதிரி இருக்கிறது. பரவாயில்லை, பதிவோடு பொருந்தினால் போதும்.